மாணவருக்கு முதல் கடன் அட்டை: கையெழுத்து வைக்க முதல் தெரிந்திருக்க வேண்டியவை

பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒருவருக்குக் கடன் அட்டை தேவையா என்று யாழ்ப்பாணத்தில் கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். வீட்டில் கேட்டால் அந்தப் பக்கமே போகாதே என்பார்கள். ஆஸ்பத்திரி வீதியில் உள்ள வங்கி ஒன்றில் கேட்டால் 51 நாளுக்கு வட்டி இல்லை, முதல் வருடம் கட்டணம் இல்லை, சுப்பர் மார்க்கெட்டில் கழிவு, வட்டியில்லாத் தவணையில் போன் என்று ஒரு பட்டியலே வரும். இரண்டு பக்கத்திலும் பொய் இல்லை. ஆனால் முடிவெடுக்க வேண்டிய மாணவருக்கு இரண்டுமே போதாது. அட்டை உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதை இரண்டு பதிலும் சொல்வதில்லை.

அந்த உள்வேலைதான் இங்கே விளக்கப்படுகிறது. முதலிலேயே ஒன்று: முதல் அட்டையை அதன் சலுகைகளை வைத்துத் தெரிவுசெய்யக் கூடாது. கையில் காசு தட்டுப்படும் ஒரு மாதத்தில் அந்த அட்டை உங்களை என்ன செய்யும் என்பதை வைத்துத்தான் தெரிவுசெய்ய வேண்டும். மாணவருக்கு அப்படியான மாதம் கட்டாயம் வரும்.

டெபிட் காட், கிரெடிட் காட்: காசு யாருடையது?

இரண்டிலும் விசா அல்லது மாஸ்டர்காட் அடையாளம் இருக்கும், இரண்டையும் கடையில் ஒரே இயந்திரத்தில்தான் தட்டுவார்கள். ஆனால் டெபிட் அட்டையைத் தட்டும்போது உங்கள் சேமிப்புக் கணக்கில் இருக்கும் காசு போகிறது. கணக்கில் இல்லாவிட்டால் அட்டை வேலை செய்யாது. கடன் அட்டையைத் தட்டும்போது வங்கியின் காசு போகிறது. அதை நீங்கள் பிறகு வங்கிக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். வங்கி உங்களை நம்பித் தரும் உச்சத் தொகைதான் கடன் எல்லை.

கடன் அட்டை கேட்டு வரும் மாணவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது இணையத்தில் காசு கட்ட ஓர் அட்டைதான். ஐஈஎல்ரிஎஸ் ஆங்கிலப் பரீட்சைக் கட்டணம், வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பக் கட்டணம், இணையவழிப் பாடநெறி, ஏதாவது மென்பொருளின் மாதச் சந்தா. இவற்றில் பெரும்பாலானவற்றை இணையக் கொடுப்பனவு திறந்துவிடப்பட்ட டெபிட் அட்டையாலேயே கட்டலாம். பல வங்கிகள் அந்த வசதியை ஆரம்பத்தில் மூடி வைத்திருக்கும். செயலியில் போய், அல்லது கிளையில் சொல்லித் திறக்க வேண்டும். இதற்காக மட்டும் கடன் அட்டை தேடுபவர் இந்த இடத்திலேயே நின்றுவிடலாம்.

51 நாள் கணக்கு எங்கிருந்து வருகிறது?

மூன்று திகதிகளைப் புரிந்துகொண்டால் கடன் அட்டையின் பாதி விளங்கிவிடும்.

1. பொருள் வாங்கிய திகதி.
2. கூற்றுத் திகதி. மாதத்தில் ஒரு குறித்த நாளில் வங்கி கணக்கை மூடி, அந்த மாதம் நீங்கள் செலவழித்ததை எல்லாம் கூட்டி ஒரு கூற்று அனுப்பும்.
3. கட்டவேண்டிய திகதி. கூற்று வந்து பொதுவாக மூன்று வாரத்துக்குள் இது வரும்.

உங்கள் கூற்றுத் திகதி ஒவ்வொரு மாதமும் 5, கட்டவேண்டிய திகதி 25 என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 6ஆம் திகதி வாங்கிய பொருள் ஏப்ரல் 5ஆம் திகதிக் கூற்றில்தான் வரும். அதை ஏப்ரல் 25 வரை கட்டலாம். அதாவது 50 நாள். ஆனால் ஏப்ரல் 4ஆம் திகதி வாங்கியதும் அதே கூற்றில்தான் வரும். அதற்குக் கிடைப்பது 21 நாள்தான். விளம்பரத்தில் வரும் 51 நாள் என்பது கிடைக்கக்கூடிய உச்சம். எல்லாப் பொருளுக்கும் அது கிடைக்காது.

இந்த வட்டியில்லாக் காலத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. கூற்றில் உள்ள முழுத் தொகையையும், ஒரு சதமும் குறையாமல், கட்டவேண்டிய திகதிக்குள் கட்டினால் மட்டுமே அது செல்லும்.

ஆயிரம் ரூபா குறைத்துக் கட்டினால்

பலர் நினைப்பது இப்படி: 30,000 ரூபாவுக்குச் செலவழித்து 29,000 கட்டினால், மிஞ்சிய 1,000 ரூபாவுக்குத்தானே வட்டி. அது இருபது முப்பது ரூபா வரும், போகட்டும்.

நடைமுறை அப்படி இல்லை. முழுத் தொகை கட்டாவிட்டால் வட்டியில்லாக் காலமே இல்லாமல் போகும். பொதுவாக வங்கிகள் முழு 30,000 ரூபாவுக்கும், அதுவும் பொருள் வாங்கிய நாளிலிருந்து, நாள் கணக்கில் வட்டி போடும். மேலே சொன்ன திகதிகளையே எடுத்தால், மார்ச் 10 அன்று 30,000 ரூபாவுக்கு வாங்கி, ஏப்ரல் 25 அன்று 29,000 கட்டுகிறீர்கள். இடையில் 46 நாள். வருடத்துக்கு 28 சதவீதம் வட்டி என்றால் 30,000க்கு 46 நாள் வட்டி ஏறத்தாழ 1,058 ரூபா. மிஞ்சிய ஆயிரத்துக்கும் வட்டி தொடர்ந்து ஓடும்.

ஆயிரம் ரூபா குறையக் கட்டியதற்கு ஆயிரத்துக்கு மேல் வட்டி. கூற்றைப் பார்த்துவிட்டு வங்கி ஏமாற்றிவிட்டது என்று சண்டைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுந்திருப்பார்கள். ஒப்பந்தத்தில் இது எழுதியிருக்கும், யாரும் வாசிப்பதில்லை.

அடுத்த மாதம் முழுவதையும் கட்டி முடித்தாலும், அதற்கடுத்த கூற்றில் ஒரு சிறு வட்டித் தொகை வரலாம். கூற்று வந்த நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட நாட்களின் வட்டி அது. அதையும் கட்டினால்தான் கணக்கு சுத்தமாகும்.

குறைந்தபட்சக் கொடுப்பனவு என்ற பொறி

கூற்றில் இரண்டு தொகைகள் இருக்கும்: முழு நிலுவை, குறைந்தபட்சக் கொடுப்பனவு. இரண்டாவது பொதுவாக நிலுவையின் 5 சதவீதமளவில் இருக்கும். அதைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, கணக்கு ஒழுங்காக இருப்பதாகவே பதிவாகும். ஆனால் மிச்சம் முழுவதற்கும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒரு மாணவரின் அட்டையில் 60,000 ரூபா நிலுவை. வட்டி 28 சதவீதம். அவர் புதிதாக எதுவும் வாங்கவில்லை. மாதாமாதம் 5 சதவீதம் மட்டும் தவறாமல் கட்டுகிறார்.

1. முதல் மாத வட்டி ஏறத்தாழ 1,400 ரூபா. அவர் கட்டுவது 3,000 ரூபாவை ஒட்டி. கட்டியதில் பாதியளவு வட்டிக்கே போகிறது.
2. ஒரு வருடத்தில் அவர் கட்டியது மொத்தம் ஏறத்தாழ 31,700 ரூபா. அப்போதும் நிலுவை ஏறத்தாழ 42,800.
3. இரண்டு வருடம் முடிந்தும் கடன் 30,000க்குக் கீழே வந்திருக்காது.

இதை மாணவரின் வருமானத்தோடு வைத்துப் பாருங்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல புலமைப்பரிசில் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகக் கூட்டப்பட்டது. 60,000 ரூபாக் கடனின் குறைந்தபட்சக் கொடுப்பனவு மட்டுமே அதில் ஐந்தில் இரண்டு பங்கை எடுத்துவிடும். யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் அறை வாடகையும் சாப்பாட்டுக் காசும் கொடுப்பவருக்கு மிச்சம் என்ன இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வட்டி வீதம் அப்படியே இருக்காது

மேலே 28 சதவீதம் என்று எடுத்ததற்குக் காரணம் உண்டு. இலங்கை மத்திய வங்கி 2020 ஆகஸ்டில் கடன் அட்டை வட்டிக்கு 18 சதவீதம் என்று உச்ச எல்லை வைத்தது. 2022 மார்ச்சில் அது 20 ஆனது. ஏப்ரலில் பொருளாதார நெருக்கடி முற்றியபோது எல்லையே நீக்கப்பட்டது. சில மாதங்களில் வங்கிகள் 30ஐத் தாண்டி, சில இடங்களில் 36 சதவீதம் வரை போயின. 2023 ஆகஸ்டில் வட்டியைக் கீழே கொண்டுவர மத்திய வங்கி இன்னொரு கட்டளை போட்டது. அதில் கடன் அட்டைக்கு 28 சதவீதமும் நகை அடகுக்கு 18 சதவீதமும் உச்சமாகக் குறிக்கப்பட்டன.

இதிலிருந்து இரண்டு விடயங்கள் விளங்கும். ஒன்று, 18 சதவீதம் என்று அட்டை எடுத்தவர் இரண்டு வருடத்துக்குள் அதே அட்டைக்கு அதன் இரு மடங்கு வட்டி கட்ட நேர்ந்தது. கடன் அட்டை வட்டி நிலையான வட்டி அல்ல. அறிவித்துவிட்டு வங்கி மாற்றலாம்.

இரண்டாவது யாழ்ப்பாணத்துக்கு இன்னும் பொருத்தம். நம் வீடுகளில் நகையை அடகு வைப்பது கடைசிக் கட்டம், கொஞ்சம் வெட்கமும் கூட. கடன் அட்டையைத் தேய்ப்பது நாகரிகம். ஆனால் அந்தக் கட்டளையிலேயே அட்டைக் கடன் அடகுக் கடனை விட 10 சதவீதப் புள்ளி கூட. வங்கி தரும் கடன்களில் மிக விலையானவற்றில் ஒன்று இந்தப் பிளாஸ்ரிக் துண்டில்தான் இருக்கிறது. அம்மாவின் காப்பை அடகு வைக்க யோசிப்பவர், மூன்று மாதத்துக்கு அட்டையில் நிலுவை வைக்க அதைவிடக் கூடுதலாக யோசிக்க வேண்டும்.

கடன் அட்டையால் ஏ.ரி.எம்மில் காசு எடுப்பது இன்னும் மோசம். எடுக்கும்போதே ஒரு கட்டணம். வட்டியில்லாக் காலம் கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி. இந்த வசதியை மூடிவிடச் சொல்லி வங்கியிடம் கேளுங்கள்.

கிரிப் என்பது என்ன, என்ன அல்ல

இவ்வளவு ஆபத்து என்றால் எதற்கு எடுக்க வேண்டும்? நியாயமான ஒரே பெரிய காரணம் கிரிப்.

1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்தைத்தான் எல்லோரும் கிரிப் என்கிறோம். வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் தாங்கள் கொடுத்த கடன்களின் விபரத்தை அங்கே அனுப்பும்: யாருக்கு, எவ்வளவு, ஒழுங்காகக் கட்டப்படுகிறதா, எத்தனை நாள் பிந்தியது. நீங்கள் பிறகு ஒரு வீட்டுக் கடனோ லீசிங்கோ கேட்டால் வங்கி முதலில் அந்த அறிக்கையைத்தான் எடுக்கும்.

‘கிரிப்பில் பேர் விழுந்திட்டுது’ என்று ஊரில் சொல்வதைக் கேட்டால் அது ஏதோ கறுப்புப் பட்டியல் போலத் தோன்றும். அப்படி ஒன்று அங்கே இல்லை. ஒழுங்காகக் கட்டுபவரின் பெயரும் அங்கே இருக்கும். கிரிப் யாருக்கும் கடன் மறுப்பதில்லை. தகவல் கொடுக்கும், முடிவு வங்கியினுடையது. பிணையாக நின்ற கடன்களும் அறிக்கையில் வரும். அதனால் உறவினரின் லீசிங்குக்குப் பிணைக் கையெழுத்துப் போடச் சொல்லி உங்களைக் கேட்டால், அதுவும் உங்கள் கடன் வரலாற்றின் ஒரு பகுதிதான். உங்கள் அறிக்கையை நீங்களே கட்டணம் கட்டி எடுத்துப் பார்க்கலாம்.

கடனே எடுக்காதவருக்கு அங்கே வரலாறே இல்லை. சிறிய எல்லையுள்ள அட்டையை இரண்டு மூன்று வருடம் முழுத் தொகையும் கட்டி வைத்திருந்தவர், வேலைக்குப் போய் முதற் கடன் கேட்கும்போது காட்ட ஒரு பதிவு இருக்கும். மாணவப் பருவத்தில் அட்டை எடுப்பதன் பயன் இதுதான். சாப்பாட்டுக் கடைக் கழிவெல்லாம் அதற்குப் பிறகு. வேலை கிடைத்த பிறகு தொடங்கினாலும் ஒன்றும் கெட்டுவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு நல்ல பதிவு இல்லாததை விட ஒரு கெட்ட பதிவு இருப்பது மோசம்.

மாணவருக்குத் திறந்திருக்கும் வழிகள்

18 வயது முடிந்திருக்க வேண்டும் என்பது அடிப்படை. அதற்கு மேல் வங்கி கேட்பது வருமானத்துக்கான ஆதாரம். இங்கேதான் பலர் நிற்கிறார்கள்.

1. சொந்த வருமானம். ரியூசன் கொடுத்து மாதம் நாற்பதாயிரம் உழைக்கும் மாணவர்கள் யாழ்ப்பாணத்தில் உண்டு. ஆனால் அது கைக்காசு, தாளில் இல்லை. இணையவழியில் வேலை செய்து வெளிநாட்டிலிருந்து காசு பெறுபவருக்கு நிலைமை சற்றுச் சுகம், ஏனென்றால் வங்கிக் கூற்றில் தெரியும். ரியூசன் காசையும் மாதாமாதம் ஒரே கணக்கில் வைப்பிலிட்டு வந்தால், ஆறு மாதத்தில் கதைக்க ஓர் ஆதாரம் கிடைக்கும். கனடாவிலிருந்து அண்ணா அனுப்பும் காசை வங்கி உங்கள் சம்பளமாக எடுத்துக்கொள்ளும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

2. நிலையான வைப்பின் மேல் எடுக்கும் அட்டை. உங்கள் பெயரில் ஒரு வைப்பு இருந்தால், அதைப் பிணையாக வைத்துப் பல வங்கிகள் அட்டை தரும். எல்லை பொதுவாக வைப்பை விடச் சற்றுக் குறைவாக இருக்கும். வைப்புக்கு வட்டி வந்துகொண்டே இருக்கும். ஆனால் அட்டை இருக்கும் வரை அந்தக் காசைத் தொட முடியாது. கட்டத் தவறினால் வங்கி வைப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். வருமான ஆதாரத்துக்கு அலைய வேண்டாம், எல்லையும் தானாகவே சிறிதாக இருக்கும், கடன் வரலாறும் உங்கள் பெயரில் பதிவாகும். முதல் அட்டைக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை என்பதே இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு.

3. துணை அட்டை. அப்பாவின் அல்லது அம்மாவின் கடன் அட்டையில் உங்கள் பெயருக்கு இன்னொரு அட்டை. எடுப்பது சுலபம். ஆனால் கடன் முதன்மை அட்டைக்காரருடையது. நீங்கள் பிந்தினால் கெடுவது அவர் பெயர். உங்கள் பெயரில் வரலாறு எதுவும் சேராது. தூர இடத்தில் படிக்கும் பிள்ளைக்கு அவசரச் செலவுக்காக என்றால் சரி, வேறு பயன் இல்லை.

எதைக் கேட்டுத் தெரிவுசெய்வது?

வங்கி மேசையில் சலுகைத் தாளை நீட்டுவார்கள். அதை ஓரமாக வைத்துவிட்டுக் கட்டணப் பட்டியலைக் கேளுங்கள். அதில் பார்க்க வேண்டியவை இந்த வரிசையில்:

1. இரண்டாம் வருடத்திலிருந்து வருடாந்தக் கட்டணம் எவ்வளவு? முதல் வருட இலவசம் பல வங்கிகளில் கிடைக்கும். குறித்த தொகைக்குச் செலவழித்தால் கட்டணம் விலக்கப்படும் என்றால், அந்தத் தொகை உங்கள் வழமையான செலவுக்குள் அடங்குமா? கட்டணத்தைத் தவிர்ப்பதற்காகச் செலவழிப்பது நட்டம்.

2. நிலையான கட்டளை எப்படி அமையும்? கட்டவேண்டிய திகதியில் உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து வங்கியே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. விண்ணப்பப் படிவத்தில் பெரும்பாலும் இரண்டு தெரிவு இருக்கும்: முழு நிலுவை, குறைந்தபட்சக் கொடுப்பனவு. அவசரத்தில் இரண்டாவதற்குப் புள்ளடி போட்டுவிட்டு, ‘நான் ஒழுங்காகத்தான் கட்டுகிறேனே’ என்று வட்டி கட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். முழு நிலுவை என்பதற்கே புள்ளடி போடுங்கள். படிவத்தில் நீங்கள் செய்யும் மிக முக்கியமான வேலை இதுதான்.

3. எல்லையைக் குறைக்கலாமா? வங்கி ஒரு இலட்சம் தந்தாலும் 25,000 போதும் என்று கேட்கலாம். இன்றைக்கு முழு எல்லையையும் செலவழித்தால் இன்றைக்கே சேமிப்பிலிருந்து கட்டக்கூடிய தொகை எதுவோ, அதுதான் உங்கள் எல்லை. பிறகு எல்லையைக் கூட்டித் தருவதாக வரும் தொலைபேசி அழைப்புக்கும் இதே கணக்குத்தான்.

4. தாமதக் கட்டணம், எல்லை மீறிய கட்டணம், வெளிநாட்டு நாணயத்தில் கட்டும்போது வங்கி மாற்று வீதத்தின் மேல் கூட்டும் விகிதம். டொலரில் மாதச் சந்தா கட்டுபவருக்கு இந்தக் கடைசி ஒன்று சலுகைகள் எல்லாவற்றையும் விட முக்கியம்.

5. வட்டி வீதம். இது ஏன் கடைசியில் என்றால், முழுத் தொகையும் கட்டுபவருக்கு அது எத்தனை என்றாலும் ஒன்றுதான். கட்ட முடியாதவருக்கு ஓரிரு சதவீதக் குறைவு காப்பாற்றப் போவதில்லை.

சலுகைகளைப் பற்றி ஒரு வரி. சலுகைத் தாளில் வரும் ஹோட்டல்களும் உணவகங்களும் கொழும்பிலும் தென்பகுதிக் கடற்கரையிலும்தான் கூட. யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் கிழமையில் ஒரு நாள் சுப்பர் மார்க்கெட் கழிவு. மரக்கறியைத் திருநெல்வேலிச் சந்தையில் வாங்குபவருக்கு அதுவும் இல்லை.

ஒப்பந்தம் விளங்காவிட்டால் தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள், விளங்கும் வரை கையெழுத்து வேண்டாம். நிதி நுகர்வோரைப் பாதுகாக்க மத்திய வங்கி 2023 ஆகஸ்டில் ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்திருக்கிறது. பிரச்சினை வந்தால் முதலில் வங்கிக்கு எழுத்தில் முறையிட வேண்டும். அங்கே தீராவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். வாடிக்கையாளரின் முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடமும் போகலாம்.

தவணைத் திட்டமும் நண்பரின் போனும்

வட்டியில்லாத் தவணை சில நேரம் உண்மையாகவே வட்டியில்லாதது. கடையோ வங்கியோ அந்தச் செலவை ஏற்கும். சில நேரம் ‘கையாளல் கட்டணம்’ என்ற பெயரில் வட்டி வரும். உதாரணமாக 120,000 ரூபாப் போன், 12 மாதம், கட்டணம் 6 சதவீதம். அதாவது 7,200 ரூபா. 6 சதவீத வட்டி போலத் தெரியும். ஆனால் மாதம் 10,000 வீதம் கடன் குறைந்துகொண்டு போவதால் வருடம் முழுவதும் சராசரியாக உங்களிடம் இருக்கும் கடன் 65,000தான். அதற்கு 7,200 என்றால் வட்டி உண்மையில் 11 சதவீதத்தை ஒட்டி. சாதாரண அட்டை வட்டியை விடக் குறைவுதான், ஆனால் இலவசம் அல்ல. அதே கடையில் கைக்காசுக்கு விலை குறைகிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.

தவணை மாதாமாதம் கூற்றில் ஒரு வரியாக வரும். அந்த மாதக் கூற்றை முழுமையாகக் கட்டாவிட்டால், கட்டாத தவணைக்கும் வழமையான அட்டை வட்டி ஓடும். போனின் முழு விலையும் உங்கள் எல்லையில் முதல் நாளே பிடிக்கப்படும். கட்டக் கட்டத்தான் விடுபடும்.

அடுத்தது, அட்டை எடுத்த மாணவர் எல்லோருக்கும் வரும் சோதனை. ‘மச்சான், உன்ர காட்டில ஒரு போன் எடுத்துத் தா, மாசம் மாசம் காசு தாறன்.’ நண்பர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் வங்கிக்கு அவர் யாரென்று தெரியாது. ஐந்தாம் மாதம் அவர் வீட்டில் ஒரு செத்தவீடு, ஒரு வைத்தியச் செலவு. காசு பிந்துகிறது. கேட்க உங்களுக்குக் கூச்சம். பிந்திய திகதி கிரிப்பில் உங்கள் பெயரில் பதிவாகும். பிறகு அவர் கட்டினாலும் அந்தப் பதிவு உடனே மறையாது. உதவ வேண்டும் என்றால் உங்கள் கையில் இருக்கும் காசில் கொடுங்கள், திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய அளவுக்கு. உங்கள் பெயரை இரவல் கொடுக்க வேண்டாம்.

கடையில் கவனிக்க இரண்டு

அட்டையைக் கொடுத்தால் ‘காட் எண்டா 3 வீதம் கூட’ என்று சொல்லும் கடைகள் நகரில் உண்டு. அட்டை இயந்திரத்துக்காகக் கடைக்காரர் வங்கிக்குக் கொடுக்கும் கட்டணம் அது. அதை வாடிக்கையாளரின் தலையில் போடக் கூடாது என்று மத்திய வங்கி அறிவித்திருக்கிறது. இயந்திரம் எந்த வங்கியுடையது என்று பார்த்து அந்த வங்கிக்கு முறையிடலாம். பேரம் பேசிக் கைக்காசு விலைக்குப் பொருளை இறக்கிவிட்டு அட்டையை நீட்டும்போது கடைக்காரர் முகம் சுளிப்பதும் விளங்கிக்கொள்ளக் கூடியதுதான். விலை பேசும்போதே அட்டை என்று சொல்லிவிடுங்கள்.

மற்றது, கொடுப்பனவை உறுதிப்படுத்தத் தொலைபேசிக்கு வரும் ஓ.ரி.பி என்ற ஒருமுறை இரகசிய இலக்கம். வங்கி ஒருபோதும் அதைக் கேட்காது. பொதி வந்திருக்கிறது, பரிசு விழுந்திருக்கிறது, வீட்டிலிருந்தே வேலை என்று வரும் செய்திகளின் முடிவில் அட்டை இலக்கமும் ஓ.ரி.பியும் கேட்டால் அது மோசடி. கொடுத்துவிட்டால் உடனே வங்கியை அழைத்து அட்டையை நிறுத்த வேண்டும். நீங்களே கொடுத்த ஓ.ரி.பியால் போன காசைத் திரும்ப எடுப்பது மிகக் கடினம்.

வெளிநாடு போகும் மாணவருக்கு

யாழ்ப்பாணத்தில் பட்டம் முடித்தவர்களில் ஒரு பகுதியினர் மேற்படிப்புக்கு இங்கிலாந்து, கனடா, அவுஸ்திரேலியா என்று போகிறார்கள். கிரிப் வரலாறு கூடவே வராது. அந்த நாட்டில் பூச்சியத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆகவே ஒரு வருடத்துக்குள் போவது நிச்சயம் என்றால், வரலாறு சேர்ப்பதற்காக இங்கே அட்டை எடுப்பதில் பெரிய பயன் இல்லை.

ஏற்கெனவே அட்டை இருந்தால் அதைப் பெட்டியில் போட்டுவிட்டு விமானம் ஏறுவதுதான் பெரிய பிழை. பாவிக்காத அட்டைக்கும் வருடாந்தக் கட்டணம் விழும். கட்டாவிட்டால் தாமதக் கட்டணமும் வட்டியும் சேரும். உள்ளூர் சிம் வேலை செய்யாததால் எஸ்எம்எஸ் எதுவும் வராது. சில வருடம் கழித்து ஊரில் காணி வாங்கக் கடன் கேட்கும்போதோ, தம்பிக்குப் பிணை நிற்கப் போகும்போதோதான் தெரியவரும். போக முதல் இவற்றை இந்த ஒழுங்கில் செய்யுங்கள்:

1. அட்டையோடு இணைத்த சந்தாக்கள், தானியங்கிக் கொடுப்பனவுகள் எல்லாவற்றையும் நிறுத்துங்கள்.
2. நிலுவையை முழுதாகக் கட்டி, அடுத்த கூற்று வரும் வரை காத்திருங்கள். மிஞ்சிய வட்டி ஏதும் இருந்தால் அதில்தான் தெரியும்.
3. அட்டையை மூடச் சொல்லி எழுத்தில் கொடுத்து, மூடப்பட்டதாக வங்கியிடமிருந்து கடிதம் வாங்குங்கள். அட்டையை வெட்டி எறிந்தால் கணக்கு மூடப்படாது.
4. நிலையான வைப்பைப் பிணை வைத்திருந்தால், அது விடுவிக்கப்பட்டதா என்பதை அன்றைக்கே கிளையில் உறுதிப்படுத்துங்கள்.